இரண்டு நிமிடத்தில் டேட்டாபேஸ் சர்வர்... மிச்சத்துக்கு இரண்டு வாரம்

லினக்ஸில் டேட்டாபேஸ் சர்வர் நிறுவுவது எப்படி என்று யாராவது கேட்டால் பதில் ஒரே வரிதான். டெபியன் கணினியில் சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று நாலு வார்த்தை தட்டி என்டர் அடித்தால் போதும். கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். சர்வரை நாம் எழுப்பக்கூட வேண்டாம், அதுவே எழுந்து உட்கார்ந்திருக்கும். நானும் அப்படித்தான் நிறுவினேன். இரண்டு நிமிடம் ஆனது.

அதன் பிறகு இரண்டு வாரம் அந்தக் கணினியோடுதான் குடித்தனம். அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எந்தக் கமாண்டை எந்த வரிசையில் தட்டுவது என்பதற்கு மேனுவல் இருக்கிறது, அதையும் என்னைவிட நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படித் தட்ட வேண்டும் என்பதுதான் என் விஷயம்.

முதலில், எதற்காக இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி என்எஸ்எஸ்ஸில் ரத்ததானப் பட்டியல் ஒன்று உண்டு. 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெயர், துறை, ரத்த வகை, செல் நம்பர், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. பல வருடமாக இது ஒரு எக்செல் ஃபைலாகவே இருந்தது. ராத்திரி 11 மணிக்கு ஏதாவது ஆஸ்பத்திரியிலிருந்து "ஓ நெகட்டிவ் அவசரமா வேணும்" என்று போன் வரும். உடனே யாராவது ஒருவர் அந்த ஃபைலை வாட்ஸப் குரூப்பில் போடுவார். அங்கிருந்து இன்னொரு குரூப், அங்கிருந்து நோயாளியின் சொந்தக்காரர்கள், அவர்களின் நண்பர்கள்... ரத்தம் கிடைத்துவிடும். போன ஃபைல் மட்டும் திரும்பி வராது.

அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பட்டியலில் இருந்த பெண்களுக்கு முகம் தெரியாத ஆட்களிடமிருந்து "ஹாய்" வர ஆரம்பித்தது. சிலருக்கு நடுராத்திரியில் போன். ஒரே செமஸ்டரில் 40 பேருக்கு மேல் "எங்க பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதில் 3 பேர் ஓ நெகட்டிவ். 100 பேரைக் கேட்டால் ஒன்றிரண்டு பேர் தேறும் வகை அது. இந்த 3 பேரை இழந்தது எத்தனை பெரிய இழப்பு என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பிரச்சினை இதுதான். பட்டியல் நடுராத்திரியிலும் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் யார் கைக்கும் முழுசாகப் போய்விடக் கூடாது.

எக்செல்லுக்கு பாஸ்வேர்டு போடலாமே என்று ஒரு சீனியர் அண்ணா சொன்னார். போடலாம். ஆனால் திறக்கிற ஆளுக்கு எல்லாமே தெரியும். ஒரு நம்பர் தேவைப்படுகிறவருக்கு 600 நம்பரையும் கொடுத்தாக வேண்டும். ஃபைல் என்பது ஒரு பொருள். கொடுத்தால் போயிற்று. சர்வர் என்பது கிட்டத்தட்ட ஒரு ஆள் மாதிரி. அதனிடம் கேட்கத்தான் முடியும், அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. கேட்பது யார் என்று பார்த்துவிட்டு அது பதில் சொல்லும், அல்லது சொல்லாது. எனக்கு டேட்டாபேஸ் சர்வர் தேவைப்பட்டது இதற்காகத்தான். வேகம், அளவு எல்லாம் இரண்டாம் பட்சம். 600 பேர் பட்டியலுக்கு வேகம் என்ன வேண்டிக்கிடக்கிறது? லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப்பே இதற்கு ராஜா.

ஏன் போஸ்ட்கிரெஸ்?

மைஎஸ்கியூஎல் வைத்தாலும் இதே வேலையைச் செய்திருக்கலாம். அதன் கதையும் சுவாரசியமானது. மைக்கேல் விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரர் தன் மகள் 'மை'யின் பெயரை வைத்த மென்பொருள் அது. 2008-இல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆரக்கிள் கைக்குப் போனால் என்ன ஆகுமோ என்று விடேனியஸ் 2009-லேயே அதே மூலநிரலிலிருந்து இன்னொன்றைக் கிளப்பினார். அதற்கு இளைய மகள் 'மரியா'வின் பெயர். இன்று டெபியனில் மைஎஸ்கியூஎல் இருந்த இடத்தில் வருவது அந்த மரியாடிபிதான்.

போஸ்ட்கிரெஸ் இன்னும் மூத்தது. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சி. அதற்கு முன் அவர் செய்தது இங்கிரெஸ். அதற்குப் பின் வந்ததால் போஸ்ட்-கிரெஸ். அவ்வளவுதான் பெயர்க்காரணம் :-) 1996-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. ஸ்டோன்பிரேக்கருக்கு 2014-க்கான டூரிங் விருது கிடைத்தது. இத்தனை வருடமாகியும் இதற்கு ஒற்றை முதலாளி கிடையாது. உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வரலாறு காரணமில்லை. யார் எதைப் பார்க்கலாம் என்பதை மேனுவலில் தெளிவாக விளக்கியிருந்தார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

நீ யார்?

நிறுவி முடித்ததும் ஆர்வமாக பிஎஸ்கியூஎல் என்று தட்டினால், முதல் பதிலே "அப்படி ஒரு ரோல் கிடையாது" என்று வருகிறது. புதிதாக வைக்கிற எல்லோருக்கும் இது வரும். கணினி என் கணினி, நிறுவியது நான், அதற்கு என்னைத் தெரியவில்லை!

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. லினக்ஸில் இருக்கிற பயனர்கள் வேறு, டேட்டாபேஸுக்குள் இருக்கிற பயனர்கள் வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் வாட்ச்மேன் உங்களை விட்டுவிட்டார் என்பதற்காக மூன்றாம் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவாரா? உள்ளே இருப்பவரை ரோல் என்கிறார்கள். நிறுவும்போது லாகின் செய்யக்கூடிய ஒரே ரோல் போஸ்ட்கிரெஸ் என்பதுதான். அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு.

சரி, அந்தப் பெயரிலேயே நுழையலாம் என்று பார்த்தால் அடுத்த பதில்: "பியர் ஆத்தன்டிகேஷன் ஃபெயில்டு". இங்கே சர்வர் பாஸ்வேர்டே கேட்பதில்லை. அதே கணினிக்குள்ளிருந்து வருகிற இணைப்பு என்றால் லினக்ஸ் கெர்னலிடமே "இந்த ஆள் யார்?" என்று விசாரிக்கிறது. கெர்னல் சொல்கிற பெயரும் நாம் சொல்கிற பெயரும் ஒன்றாக இருந்தால்தான் கதவு திறக்கும். பாஸ்வேர்டைத் திருடலாம், எட்டிப் பார்க்கலாம், பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டலாம். கெர்னல் சொல்கிற சாட்சியை அப்படி ஒன்றும் செய்ய முடியாது. சூடோ மூலம் போஸ்ட்கிரெஸ் பயனராக மாறிக்கொண்டு உள்ளே போய், எனக்கென்று ஒரு ரோலும் ஒரு டேட்டாபேஸும் உருவாக்கிக்கொண்டேன்.

இணையத்தில் தேடினால் இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பிஜி ஹெச்பிஏ என்ற கான்ஃபிக் ஃபைலில் 'பியர்' என்று இருப்பதை 'டிரஸ்ட்' என்று மாற்றிவிடு, தொல்லை விட்டது என்பார்கள். டிரஸ்ட் என்றால் யார் என்ன பெயர் சொன்னாலும் நம்பு என்று அர்த்தம். தொல்லை விட்டது உண்மைதான். காவலும் விட்டது.

எங்கிருந்து வருகிறாய்?

சர்வர் இருக்கும் கணினியில் எல்லாம் ஓடியது. என்எஸ்எஸ் அறைக் கணினியிலிருந்து இணைத்தால் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு". ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் தன் கணினிக்குள்ளிருந்து வருகிற பேச்சை மட்டும்தான் காதில் வாங்கும். வெளியிலிருந்து 5432-ஆம் போர்ட்டைத் தட்டினால் அங்கே ஆளே இல்லை. எந்த முகவரிகளில் காது கொடுக்க வேண்டும் என்று நாமாகச் சொன்னால்தான் கேட்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். மோங்கோடிபியின் பழைய வெர்ஷன்கள் சிலவற்றை நிறுவினால் வெளியுலகுக்கும் காது கொடுத்தபடியே ஓடும். பாஸ்வேர்டும் கேட்காது. 2017 ஜனவரியில் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை யாரோ தேடிப்பிடித்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, "பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அதில் பூட்டை உடைக்கிற வேலையே இல்லை. கதவு சாத்தப்படவே இல்லை.

எனவே எங்கள் சர்வர் கல்லூரி நெட்வொர்க்குக்குள் இருக்கும் முகவரியில் மட்டும் காது கொடுக்கும்படி வைத்தேன். இதற்கு சர்வரை ஒருமுறை நிறுத்தி மறுபடி துவக்க வேண்டும். அப்புறமும் இணைப்பு கிடைக்கவில்லை, ஆனால் பதில் மாறியிருந்தது. "இந்த முகவரிக்கு ஹெச்பிஏ-யில் வரி இல்லை" என்றது. அதாவது காதில் விழுந்துவிட்டது, ஆனால் விருந்தாளிப் பட்டியலில் உன் பேர் இல்லையே என்கிறது. இது முன்னேற்றம்தான்!

அந்த ஹெச்பிஏ ஃபைல்தான் மொத்த விஷயத்திலும் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு வரியும் ஒரு விதி. எந்த வழியாக வருகிறவர், எந்த டேட்டாபேஸுக்கு, எந்த ரோலில், எந்த முகவரியிலிருந்து, எப்படி நிரூபிக்க வேண்டும். சர்வர் மேலிருந்து கீழாக வாசிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் தோற்றால் அடுத்த வரிக்குப் போய்ப் பார்க்காது. ஆகவே எல்லோரையும் விடு என்ற வரி மேலே இருந்தால் கீழே எத்தனை கண்டிஷன் போட்டாலும் வீண்.

நாங்கள் வெளியிலிருந்து அனுமதித்தது இரண்டே இரண்டு முகவரிகளை. என்எஸ்எஸ் அறைக் கணினி ஒன்று, ராத்திரியும் ஆள் இருக்கிற விடுதி அலுவலகக் கணினி ஒன்று. பாஸ்வேர்டு முறை ஸ்க்ராம். இதில் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை, தெரியும் என்பதற்கான கணக்கு மட்டும்தான் போய் வரும். முன்பு இருந்த எம்டி5 முறைக்குப் பதிலாக 2021-இல் வந்த 14-ஆம் வெர்ஷனிலிருந்து இதுதான் இயல்பாக அமைகிறது.

என்ன வேண்டும்?

இதுவரை சொன்னது வாசல். வீட்டுக்குள் யார் எந்த அறைக்குப் போகலாம் என்பது இனிமேல்தான்.

பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஒரு டேபிள். செல் நம்பர் தனி டேபிள். ரத்த வகைகளை 8 என்று ஃபார்மிலேயே கட்டிப்போடாமல் தனியாக ஒரு சின்ன டேபிளில் வைத்தேன். 1952-இல் மும்பையில் கண்டுபிடித்த 'பாம்பே' வகை ஒன்று இருக்கிறதே! ஓ குரூப் மாதிரியே தெரியும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தமே சேராது. அப்படி ஒருவர் சேர்ந்தால் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

அதன் மேல் ஒரு வியூ. வியூ என்றால் சேமித்து வைத்த ஒரு கேள்வி, பார்ப்பவருக்கு டேபிள் போலவே தெரியும். ஆண்கள் என்றால் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் என்றால் 120 நாள் தாண்டியிருந்தால்தான் மறுபடி கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. இந்தக் கணக்கை வியூவே போட்டுவிடும். இன்று எந்த வகையில் எத்தனை பேர் தயார் என்பது தொண்டர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரோ நம்பரோ தெரியாது. டேபிளை நேராகக் கேட்டால் "பெர்மிஷன் டினைடு".

நம்பர் வேண்டுமென்றால்? அதற்கு ஒரே ஒரு ஜன்னல். அது ஒரு ஃபங்ஷன். எந்த ரத்த வகை, எந்த ஆஸ்பத்திரி, என்ன காரணம் என்று மூன்றையும் சொன்னால், தயாராக இருப்பவர்களில் 5 பேரின் பெயரும் நம்பரும் தரும். கூடவே யார் கேட்டார்கள், எப்போது, எதற்காக, யார் நம்பர் போனது என்று ஒரு லாக் டேபிளில் எழுதிவிடும். இந்த ஃபங்ஷன் அதை உருவாக்கியவரின் அதிகாரத்தில் ஓடும், கேட்பவரின் அதிகாரத்தில் அல்ல. போஸ்ட்கிரெஸில் செக்யூரிட்டி டிஃபைனர் என்பார்கள். பேங்க் கவுண்டர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டகச் சாவி உங்களிடம் இல்லை, காசாளரிடம் இருக்கிறது. சீட்டை எழுதிக் கொடுத்தால் அவர் போய் எடுத்து வருவார், பேரேட்டிலும் எழுதிக்கொள்வார்.

ஒரு நுணுக்கம் உண்டு. இப்படிப்பட்ட ஃபங்ஷனுக்குள் 'இப்போதைய பயனர் யார்' என்று கேட்டால் உருவாக்கியவர் பெயரைத்தான் சொல்லும். 'செஷன் பயனர் யார்' என்று கேட்டால்தான் உண்மையில் லாகின் செய்தவர் பெயர் வரும். லாகில் எழுத வேண்டியது இரண்டாவது. அதோடு, எல்லாத் தொண்டர்களுக்கும் பொதுவாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்தால் இந்த லாகுக்கே அர்த்தமில்லை. ஆளுக்கொரு ரோல் வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் போனது.

தமிழ்ப் பெயர்கள்

நடுவில் ஒரு சின்ன விஷயம். பெயர்களைத் தமிழிலேயே வைத்தோம். 'கார்த்திக்' என்ற பெயருக்கு எத்தனை எழுத்து என்று உங்களைக் கேட்டால் 5 என்பீர்கள். போஸ்ட்கிரெஸ் 10 என்கிறது. கா என்பதைக் க, கால் என்று இரண்டாகவும், ர் என்பதை ர, புள்ளி என்று இரண்டாகவும் யூனிகோடு வைத்திருக்கிறது. டிஸ்க்கில் 30 பைட். பெயருக்கு 20 எழுத்து போதும் என்று எல்லை வைத்தால் நம் ஊர் நீளப் பெயர்கள் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

அகரவரிசையும் அப்படித்தான். சர்வரை 'சி' வரிசை முறையில் வைத்தால் யூனிகோடு எண்ணின்படி அடுக்கும். அதில் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ வந்து உட்கார்ந்துகொள்ளும். ந முடிந்ததும் ன வரும். ஐசியு என்ற நூலகத்தின் தமிழ் வரிசையைச் சொன்னால் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை கிடைக்கும், ஜ கிரந்தக் கூட்டத்தோடு கடைசிக்குப் போகும்.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம்

நம் ஊரில் சர்வர் வைத்தால் கரண்ட் கட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரியும் ஒருநாள் சாகும். எனவே பொய்ப் பெயர்களாக ஆயிரக்கணக்கில் உள்ளே போட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினோம். லேப் உதவியாளர் அண்ணா "தம்பி, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க" என்றார்.

மறுபடி போட்டதும் லாகில் வந்தது: சர்வர் சரியாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்பு நடக்கிறது. சில நொடிகளில் எழுந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால், 'கமிட் ஆயிற்று' என்று சர்வர் எங்களிடம் சொன்ன வரிகள் எல்லாம் இருந்தன. பாதியில் நின்ற பரிமாற்றம் மட்டும் தடயமே இல்லை.

இது எப்படி? டேபிளைத் தொடுவதற்கு முன்னால், என்ன செய்யப் போகிறேன் என்பதை வால் என்ற குறிப்பேட்டில் எழுதி, அது உண்மையிலேயே டிஸ்க்கில் பதிந்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டுதான் போஸ்ட்கிரெஸ் 'சரி' என்கிறது. செத்துப் பிழைத்தால் குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து செய்து முடிக்கும். செய்ய முடியாததைச் செய்துவிட்டேன் என்று சொல்லாத குணம் மனிதர்களிடமே கம்மி.

பேக்கப் இருக்கிறது என்பதும் பேக்கப் வேலை செய்கிறது என்பதும்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரின் டேட்டா அடைவை அழித்தார். இரண்டு சர்வர்களில் எதை அழிக்க வேண்டுமோ அதற்குப் பதிலாக நிஜ சர்வரில் அது நடந்துவிட்டது. சுமார் 300 ஜிபி. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று பார்த்தால், தினமும் ஓட வேண்டிய பேக்கப் வெர்ஷன் பொருந்தாமல் பல நாளாக ஓடவே இல்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதினார்கள், மீட்பு வேலையை நேரடி ஒளிபரப்பே செய்தார்கள். அந்த நேர்மையால்தான் நாம் இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

நாங்கள் தினமும் ராத்திரி 2 மணிக்கு பிஜி டம்ப் ஓடும்படி க்ரானில் போட்டிருக்கிறோம். ஆனால் அதைவிட முக்கியமானது, மாதம் ஒருமுறை அந்த டம்ப்பை வேறொரு லேப்டாப்பில் ஏற்றிப் பார்ப்பது. முதல்முறை ஏற்றும்போதே ஒன்று தெரிந்தது. டம்ப்பில் டேபிள்களும் அதன் அனுமதிகளும் வரும், ரோல்கள் வராது. வெற்று சர்வரில் ஏற்றினால் "அப்படி ஒரு ரோல் கிடையாது" என்று வரிசையாக வரும். ரோல்களைத் தனியாக, பிஜி டம்ப்ஆல் கமாண்டில் குளோபல்ஸ் மட்டும் என்று சொல்லி எடுக்க வேண்டும். இதை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. பேக்கப் என்பது மறுபடி ஒரு ஃபைல்! எந்த எக்செல்லிலிருந்து தப்பிக்க இத்தனை பாடுபட்டோமோ அதே மாதிரி ஒன்று, எல்லா நம்பரோடும். அதனால் எடுத்த கையோடு ஜிபிஜி வைத்து என்க்ரிப்ட் செய்துவிடுகிறோம். திறக்கிற சாவி சர்வரில் இல்லை, என்எஸ்எஸ் திட்ட அலுவலர் மேடத்திடம் இருக்கிறது.

"நீ பாக்கலாம்ல?"

எல்லாம் முடிந்து, பேரை எடுக்கச் சொன்னவர்களிடம் போய் விளக்கினோம். ஓ நெகட்டிவ் மூவரில் ஒருத்தி என் வகுப்புதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ஜன்னல், பேரேடு, 5 பேர் கணக்கு எல்லாம். பிறகு கேட்டாள்.

"சரிப்பா. ஆனா அந்த போஸ்ட்கிரெஸ்ங்கிற ரோல் யாரு கையில இருக்கு? அவங்க எல்லாத்தையும் பாக்கலாம்ல? லாகையே அழிக்கலாம்ல?"

இரண்டு வாரம் நான் படித்ததிலேயே இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை. ஆமாம், பார்க்கலாம், அழிக்கலாம். சூப்பர்யூசருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது. எந்த டேட்டாபேஸை எடுத்துக்கொண்டாலும் எங்கேயோ ஒரு மூலையில் எல்லாச் சாவியும் வைத்திருக்கிற ஒரு ஆள் இருப்பார். மென்பொருள் அந்த ஆளை இல்லாமல் ஆக்காது. நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். முன்பு எத்தனை வாட்ஸப் குரூப்பில் எத்தனை பேரை நம்ப வேண்டியிருந்தது என்று யாராலும் எண்ணவே முடியாது. இப்போது எண்ணலாம். இரண்டு பேர், பெயரோடு.

அவள் கேட்ட பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். சர்வரின் சூடோ பாஸ்வேர்டை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதி மேடத்திடமும் மறுபாதி என்னிடமும் வைத்தோம். ஒருவராகத் தனியே உள்ளே போக முடியாது. இரண்டாவது, தன் நம்பர் எப்போது, யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி. நம்பர் வெளியே போனால் அன்றே அவர்களுக்கு மெசேஜ் போகும்.

அவள் மறுநாள் வந்து பேரைச் சேர்த்தாள். போனவர்களில் பாதிப் பேர் இதுவரை திரும்பி வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் வரவில்லை. அது அவர்கள் உரிமை. அவர்களின் வரிகளை அழித்துவிட்டோம், பழைய பேக்கப்புகளையும் 30 நாளுக்கு மேல் வைப்பதில்லை.

நீங்களும் முதல்முறையாக டேட்டாபேஸ் சர்வர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும் சொல்வேன். அது 'முடியாது' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் உடனே அந்த வரியை கூகிளில் போட்டு, எதைத் தட்டினால் வாயை மூடும் என்று தேடாதீர்கள். என்ன கேட்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன வேண்டும். உள்ளே இருப்பது அடுத்தவர்களின் நம்பர் என்றால், அந்த மூன்றையும் யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.